இரண்டு விரல்

பினாங்கிலிருந்து பேசினார்கள்.
"கழுத்து ஒரு பதினாறு அங்குலம் வரும்,
கேமராவில் பார்த்தா அப்படித்தான் தெரியுது."

கேமராவில் தெரிகிற கழுத்துக்கு
நான் தோல் வெட்டுவதில்லை.
சாரல் விட்டதும் ஸ்கூட்டியை எடுத்தேன்,
கானாடுகாத்தானுக்கு.

பூட்டிய வீட்டின் இரண்டாம் கட்டில்
காவல்காரர் சேவுகமூர்த்தி
நாயைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு,
"பயப்படாம இருந்தா கடிக்காது" என்றார்.
பயந்தேன். கடிக்கவில்லை.

சணலைச் சுற்றி முடிச்சிட்டேன்.
பதினாலரை.
ரோமத்துக்கு அடியில் விரலில் ஏதோ தட்டியது.
எந்த ஊரிலோ எவரோ கட்டிய நைலான் கயிறு
சதைக்குள் போய், பிறகு யாரோ அறுத்துவிட்டு,
வட்டமாக ஆறிய தழும்பு.
அதன் மேல்தான் என் பட்டை உட்காரப்போகிறது.
முக்கால் அங்குல அகலத்தை அடித்துவிட்டு
ஒன்றரை என்று எழுதினேன்.
உள்பக்கம் வெள்ளாட்டுத் தோல்.
"விலை கூடுமே."
"அவுக குடுப்பாக."

திரும்பும் வழியில் வயிரவர் கோயில் ஒன்று.
அங்கே கல்நாய்க்கும் பட்டை உண்டு,
மணியோடு, முத்துவரிசையோடு.
சுற்றிவந்து தேடினேன்,
கொக்கி எந்தப் பக்கம் என்று.
சிற்பி வைக்கவில்லை.
கழற்றும் எண்ணமே இல்லாமல்
மாட்டியிருக்கிறான் மனுசன்.

திண்டுக்கல் எருமைத்தோல்,
ஆவாரம்பட்டையில் ஊறியது.
அந்த வாடை என் துப்பட்டாவிலும் ஏறியிருக்கும்.
காரைக்குடி பஸ்ஸில்
பக்கத்து சீட் எனக்கு எப்போதும் காலி,
பையை வைத்துக்கொள்வேன்.

விளிம்பைச் சீவினேன்.
புளியங்கொட்டைப் பசை தடவி
தேக்குக்கட்டையால் தேய்த்தேன்
நகம் வழுக்கும்வரை.
ஒரே நூல், இரண்டு ஊசி.
எதிரெதிராய் வந்து ஒரே துளையில் நுழைந்து
ஒன்றையொன்று தாண்டிப் போகும்.
ஒரு கண்ணி தேய்ந்து விட்டாலும்
அடுத்தது பிடித்துக்கொள்ளும்.
ஆம்பூரில் ஏழு வருடம்
மணிக்கு நாற்பது செருப்பு
மெஷினில் தைத்தேன்.
ஒன்றின் காலையும் பார்த்ததில்லை.

பித்தளைத் தகட்டுக்குப் பெயர் வந்தது
வாட்ஸப்பில்: டைகர்.
அந்தப் பெயருக்கு அது காதைக்கூட அசைக்காது.
"இங்கிட்டு வா, இங்கிட்டு வா" என்றே
மூர்த்தி கூப்பிட்டுக் கூப்பிட்டு
தன் பெயர் இங்கிட்டு என்று
நினைத்துக்கொண்டிருக்கிறது.

பெயருக்குக் கீழே நம்பர் வேண்டும்.
அறுபதில் தொடங்கும் மலேசிய நம்பர் தந்தார்கள்.
தெருவில் திரியும் நாய்க்காக
யார் கடல் தாண்டிப் பேசுவார்?
மூர்த்தியின் சிம் மாதம் ஒன்று மாறும்.
இப்போதைக்கு இருக்கட்டும் என்று
என் நம்பரை அடித்தேன்.
பத்து எண், பத்து அடி.
பித்தளையில் இப்போதைக்கு என்று எதுவும் இல்லை,
முடித்த பிறகுதான் உறைத்தது.

ஐந்து துளை.
கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே
இரண்டு விரல் போக வேண்டும், அதுதான் கணக்கு.
யாருடைய விரல்?
என்னுடையது ஊசி பிடித்து மெலிந்தது,
மூர்த்தியுடையது தாழ்ப்பாள் மாதிரி.
தினமும் மாட்டப்போவது அவர்தானே.
அவர் விரலுக்கே வைத்தேன்.
மூன்றாம் துளை.

மாசியில் ஒரு ராத்திரி, மணி பதினொன்று.
பள்ளத்தூரில் ஒரு டீக்கடை.
"கல்யாண வெடிக்கு மிரண்டு வந்திருக்கும்போல.
உங்க நாயா? வாரு அறுந்து தொங்குது."

"தையலா, கொக்கியா?"

"என்னங்க?"

"அறுந்தது எந்த இடத்துல?"

லைட் அடித்துப் பார்த்தார் பாவம்.
"கொக்கிதாங்க. பிளந்திருக்கு."
அலிகார் சரக்கு, டஜன் முந்நூற்றைம்பது.
எனக்கு மூச்சு வந்தது.
அதற்குப் பிறகுதான் கேட்டேன்,
நாய்க்கு அடி கிடி உண்டா என்று.

பெஞ்சுக்கு அடியில் கிடந்தது,
உடம்பெல்லாம் நடுக்கம்.
"இங்கிட்டு" என்றேன்.
எழுந்து வந்தது.
"உங்க நாயேதான்" என்றார் கடைக்காரர்,
டீக்குக் காசு வாங்கவில்லை.
நானும் திருத்தவில்லை.

பட்டைக்குள் விரலை விட்டேன்.
என் விரல், அதுவும் ஒன்றுதான் போயிற்று.
மூர்த்தி சோறு நிறையத்தான் போடுகிறார்.
நான்காம் துளைக்குத் தளர்த்தினேன்.
இன்னும் ஒன்று இருக்கிறது.